2036-ல முட்டி வலி

புஷ்பலதா அக்காவுக்குக் கர்ப்பப்பையில புத்துநோய். ஆப்பரேஷன் முடிஞ்சு ஆறு வாரமாச்சு. ரேடியேஷன் வேணுமா வேணாமான்னு தெரிஞ்சுக்க பீடோர்லேர்ந்து பஸ் புடிச்சு ஈப்போ ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தாங்க.

டாக்டர் ஷஹீதா கட்டியோட ரிப்போர்ட்டு, வயசு, எடை எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல போட்டாங்க. இதே நோய் வந்த ஆயிரக்கணக்கான பொம்பளைங்களோட விவரத்த வச்சு அது கணக்குப் போட்டுச் சொல்லும்.

"நூறு பேர்ல நாலு பேருக்குத்தான்க்கா திரும்பி வரும். உங்களுக்கு ரேடியேஷன் வேணாம்லா."

"அந்த நாலு பேர்ல நான் இருந்தா?"

டாக்டர் ஸ்க்ரீனையே பாத்தாங்க. அக்கா வந்துபோன தேதியெல்லாம் வரிசையா இருந்துச்சு. அடியில ஒண்ணு கூடுதலா இருந்துச்சு, டாக்டர் அத வாய்விட்டுப் படிச்சாங்க. 2036, மார்ச் 11. எடை 64. வலது முட்டி வலி. வேற நோய் ஒண்ணும் இல்ல.

"இன்னும் பத்து வருசம் இருக்கே. யாரோ தப்பா அடிச்சிட்டாங்க"ன்னு டாக்டர் அத அழிச்சாங்க. திரும்ப வந்துச்சு. மறுபடி அழிச்சாங்க. மறுபடி வந்துச்சு.

"எனக்கு முட்டி வலிச்சதே இல்ல டாக்டர். இருபது வருசம் ரப்பர் தோட்டத்துல பால்மரம் வெட்டுன காலு இது."

"அப்ப தப்புதான். மூணு மாசம் கழிச்சு வாங்கக்கா."

திரும்பிப் போக பஸ் ஏறுறப்ப, ரெண்டாவது படியில அக்காவுக்கு வலது முட்டி சுருக்குன்னுச்சு. சீட்டுல உக்காந்து, 2036-லயும் வலிக்கப்போற முட்டியத் தேச்சுக்கிட்டே, பக்கத்துல இருந்த மலாய்க்கார அம்மாகிட்ட, அவங்க கேக்காமயே, "சாக்கிட் லுத்துட்"னு, முட்டி வலின்னு மலாய்ல சொல்லிச் சிரிச்சாங்க.