மனசில் வைத்த பாஸ்வேர்டு

"பாஸ்வேர்டு என்னன்னு கேட்டா சொல்லணும் ஷைஜா. அத விட்டுட்டு எனக்கிட்டயே கேள்வி கேக்கப்படாது."

இரணியல் மனமகிழ் மன்றத்தின் செயலாளர் முத்துநாயகம், மேசைமேல் கிடந்த செல்போனைப் பார்த்துப் பேசினார். ஸ்பீக்கரில் ரயில் சத்தம் கேட்டது.

2017 மே மாதம். மன்றத்தின் ஒரே கம்ப்யூட்டர் காலையிலிருந்து சிவப்புத் திரையைக் காட்டிக்கொண்டிருந்தது. பணம் அனுப்பினால்தான் ஃபைல்களை விடுவிப்போம் என்று முகம் தெரியாத எவனோ ஆங்கிலத்தில் எழுதியிருந்தான். நாளைக் காலை பத்து மணிக்கு நிர்வாகிகள் தேர்தல். உறுப்பினர் பட்டியல் இல்லாமல் யார் ஓட்டுப் போடுவது? பதினோரு வருடமாக அவர்தான் செயலாளர். தேர்தல் நின்றுபோனால், வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்த மாதிரி ஆகிவிடும்.

நல்லவேளையாக, அலுவலகத்தைப் பார்த்துக்கொள்ளும் ஷைஜா சனிக்கிழமைதோறும் எல்லாவற்றையும் தனியாக ஒரு டிஸ்க்கில் எடுத்து, பாஸ்வேர்டு போட்டுப் பூட்டியிருந்தாள். டிஸ்க் மேசைமேல் இருந்தது. பாஸ்வேர்டு அவளிடம் இருந்தது. அவளோ சென்னை ரயிலில் இருந்தாள்.

"நீங்க செக்ரட்டரி சார்தான்னு நான் எப்படி நம்ப? மேலதிகாரி மாதிரியே பேசி ஏமாத்துவானுவன்னு கம்ப்யூட்டர் பாதுகாப்பு கிளாஸ்ல சொன்னாங்க."

"எனக்க சத்தம் ஒனக்குத் தெரியாதா?"

"சத்தம் அது மாதிரிதான் கேக்குது. ஆனா..."

"ஒனக்க தம்பி கல்யாணத்துக்கு நீ லீவு கேட்டு மூணு லெட்டர் தந்தா. மூணாவதுலதான் கையெழுத்துப் போட்டேன். போதுமா?"

"போதும் சார். நீங்கதான்."

"அப்ப சொல்லு. எங்கயாவது எழுதி வச்சிருக்கியா?"

"எழுதி வைக்கல்ல சார். மனசுலதான் இருக்கு. நான் வள்ளியூர்ல எறங்கித் திரும்பி வாறேன். வந்து நானே அடிச்சுத் தாறேன்."

"தம்பி கல்யாணத்த விட்டுட்டா?"

"ஆமா சார்."

முத்துநாயகத்துக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கூடப்பிறந்தவன் கல்யாணத்தை விட்டுவிட்டு ஒருத்தி ஓடி வருகிறாள் என்றால், உள்ளே ஏதோ கிடக்கிறது.

"நீ அப்படி என்னத்தட்டி அதுல ஒளிச்சு வச்சிருக்கா? இப்ப சொல்லல்லேன்னா திங்கக்கெழம வேலைக்கு வரண்டாம்."

எட்டு வருட வேலை. அவள் வீட்டில் அடுப்பு எரிவது இந்தச் சம்பளத்தில்தான் என்பது அவருக்கும் தெரியும்.

"வரல்ல சார்," என்றாள் ஷைஜா. அழுகிறாள் என்பது போனிலேயே தெரிந்தது.

அதுவரை வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்த ரெனிஷ் தொண்டையைச் செருமினான். கம்ப்யூட்டரைப் பார்க்க அஞ்சுகிராமத்திலிருந்து வந்தவன். இரணியலுக்கு இன்றுதான் முதல்முறை வருகிறான், இங்கே யாரையும் தெரியாது.

"செக்ரட்டரி சார், அந்த அக்கா செய்யதுதான் சரி. நான் போற கடையில எல்லாம் பாஸ்வேர்ட சீட்டுல எழுதி மானிட்டர்லயே ஒட்டி வச்சிருப்பானுவ. ஒரு ஜவுளிக்கடையில முதலாளிக்க பேத்தி பேருதான் பாஸ்வேர்டு. கடைக்கு வாற எல்லாருக்கும் தெரியும். இவங்க வேலையே போனாலும் சொல்ல மாட்டேங்காங்க. இப்படி ஒரு ஆளு கெடச்சதுக்கு நீங்க குடுத்து வச்சிருக்கணும்."

முத்துநாயகம் யோசித்தார். கள்ளனை மிரட்டுவதுபோல அவளை மிரட்டியது அவருக்கே வெட்கமாக இருந்தது. அந்த வகுப்புக்கு அவளை அனுப்பியதும் அவர்தான். இலவச வகுப்பு என்பதால் அனுப்பினார், ஆனாலும் அனுப்பியது அவர்தானே.

"ஷைஜா மக்கா, கண்ணத் தொடச்சிக்கோ. கல்யாணத்துக்குப் போ. நாளைக்குக் கூட்டத்துல ஒனக்க பேரச் சொல்லி, சம்பளத்துல ஆயிரம் ரூபா கூட்டித் தரச் சொல்லுதேன்."

"உள்ளதா சார்?"

"உள்ளதுதான்."

"வேண்டாம் சார்," என்றாள் அவள். குரல் மேலும் உடைந்திருந்தது. "அவ்வளவுக்கெல்லாம் நான் ஒண்ணும் செய்யல்ல."

அந்தப் பணிவு அவரை இன்னும் உருக்கிவிட்டது.

"நீ எனக்குச் சொல்லண்டாம். இந்தப் பையனுக்கிட்ட மட்டும் சொல்லு. நான் வெளிய நிக்கேன்."

அவர் நிஜமாகவே வெளியே போய்விடுவாரா என்று ஷைஜா இரண்டு முறை கேட்டு உறுதிசெய்துகொண்டாள்.

"சரி சார். போன அவருக்கிட்டக் குடுங்க. ஸ்பீக்கர அணைக்கச் சொல்லுங்க."

முத்துநாயகம் வராந்தாவில் போய் நின்றார். உள்ளே ரெனிஷ் போனைக் காதில் வைத்து, "ம்... ம்... எல்லாம் சின்ன எழுத்தா அக்கா? சரி" என்றபடி தட்டினான். டிஸ்க் திறந்தது. உறுப்பினர் பட்டியல் ஒரு பெயர் குறையாமல் திரையில் வந்தது.

"வாங்க செக்ரட்டரி சார், எல்லாம் பத்திரமா இருக்கு," என்று அவன் சிரித்தான். "நல்ல கெட்டி பாஸ்வேர்டுதான், வெளியூர்க் கள்ளன் எவனாலயும் கண்டுபிடிக்க முடியாது. ஆமா, யாரு சார் இந்தப் பிசினாறி முத்துநாயகம்?"