டெல்பர்ட்டின் நாய்

விலங்குகளை வதைத்துத் தண்டனை பெற்றவர்களின் பெயர்களை அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் போட்டு வைத்திருக்கிறார்கள். விலங்குகள் காப்பகத்துக்கு நாய் கேட்டு வருகிறவர்களின் பெயர் அதில் இருக்கிறதா என்று பார்ப்பது கோரினின் வேலை. இருந்தால் நாய் கிடையாது. வசவு கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது மரத்துப்போயிருந்தது.

அன்று மாலை டெல்பர்ட் வந்தான். ஒரு நாயைக் கட்டிப்போட்டுப் பட்டினியில் சாகவிட்டவன். இடது காது பிய்ந்த அந்தப் பழுப்பு நாயைக் காப்பகத்தின் பின்புறம் புதைத்ததே கோரின்தான்.

"உங்க பேரை இன்னும் எடுக்கல, டெல்பர்ட். கிளம்புங்க," என்றாள், நிமிராமலே.

"நாய் கேட்டு வரல, மேடம். இதை நீங்க வச்சுக்கோங்க."

அவன் கையில் ஒரு கயிறு. அதன் மறுமுனையில் அதே பழுப்பு நாய், அதே பிய்ந்த இடது காதோடு நின்றது. உள்ளே குரைத்துக்கொண்டிருந்த நாய்களெல்லாம் அடங்கிவிட்டன.

"தினமும் வாசல்ல வந்து உக்காருது. கறி போட்டேன், தொடல. என்னைக் கடிச்சுக் குதறினாக்கூட பரவால்ல. வாலை ஆட்டுது, மேடம்."

கோரின் எழுந்து வந்தாள். கயிற்றை வாங்கிக்கொண்டாள்.

"பேரு என்ன?"

"வைக்கவே இல்ல."

நாயைக் கூண்டில் விட்டுப் பூட்டினாள். ஜன்னல் வழியே பார்த்தபோது டெல்பர்ட்டின் பிக்கப் வண்டி புறப்பட்டுக்கொண்டிருந்தது. அதன் திறந்த பின்பகுதியில் அந்தப் பழுப்பு நாய், அவன் முதுகையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தது.