குறை சொல்ல ஒருத்தி

"கெணறு எங்களுக்குள்ளது, கறண்டு எங்களுக்குள்ளது. நல்ல மிஷின் மட்டும் இவளுக்கா?"

ரத்னாபாய் இதை மூன்றாம் முறையாகச் சொன்னாள். சொல்லிவிட்டு, அடுத்த மிஷினில் தலைகுனிந்து பள்ளி யூனிஃபார்ம் தைத்துக்கொண்டிருந்த யோகமலரை முறைத்தாள்.

அனந்தலக்ஷ்மிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வலியசாலை வீட்டில் அடுப்பை அணைத்துவிட்டு விழிஞ்ஞம் கடற்கரை வரை வேகாத வெயிலில் வந்தது இந்த வாயைக் கேட்கவா?

அது ஒரு தையல் கூடம். பாதிப் பேர் இலங்கையிலிருந்து அகதியாக வந்த பெண்கள், பாதிப் பேர் உள்ளூர்ப் பெண்கள். பிழைப்புக்குத் தையல், அகதிகளின் காகிதங்களைக் கவனிக்க மாதம் ஒரு முறை வக்கீல். இரு தரப்புப் பிணக்கையும் தீர்க்கவென்று தொடங்கிய திட்டம். அது எப்படி நடக்கிறது என்று மதிப்பிட, பணம் கொடுக்கிற நிறுவனம் டெல்லியிலிருந்து சுமந்த் என்பவனை அனுப்பியிருந்தது. பெயர்தான் நம் பக்கத்துப் பெயர். தமிழும் தெரியாது, மலையாளமும் தெரியாது. கான்வென்ட் இங்கிலீஷ் இருக்கிறதே என்று அனந்தலக்ஷ்மியை ஒருநாள் மொழிபெயர்ப்புக்குப் பிடித்திருந்தார்கள்.

ரத்னாபாய் என்ன சொல்கிறாள் என்று சுமந்த் கேட்டான்.

அனந்தலக்ஷ்மி யோகமலரைப் பார்த்தாள். மூன்று வருஷம் முன்னால் மன்னாரிலிருந்து பதினாலு வயசு மகளோடு படகேறி வந்தவள். இத்தனை பேச்சுக்கும் வாயைத் திறக்கவில்லை. இந்தச் சண்டைக்காரியால் இவள் பிழைப்பு போகவேண்டுமா?

"ரெண்டு பேரும் அக்கா தங்கை மாதிரி இருக்காளாம்" என்று சுத்தமான இங்கிலீஷில் சொன்னாள். பள்ளிக்கூடத்துக் கன்னியாஸ்திரிகள் மன்னிப்பார்கள்.

அதற்கு ஏன் இவ்வளவு சத்தம் என்றான் சுமந்த்.

கடற்கரைக்காரர்கள் பாசத்தையும் கத்தித்தான் சொல்வார்கள் என்றாள். அவன் அதையும் எழுதிக்கொண்டான்.

வேலை முடிந்தது. சுமந்த் டிரைவரைத் தேடிப் போக, அனந்தலக்ஷ்மி கை கழுவக் கூடத்தின் பின்பக்கம் போனாள்.

கிணற்றடியில் ரத்னாபாயும் யோகமலரும் எதிரெதிரே குந்தியிருந்தார்கள். நடுவே ஒரே தட்டு. மரச்சீனிக் கிழங்கு, மீன் குழம்பு. ரத்னாபாய் மீன் தலையை யோகமலர் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தாள்.

அனந்தலக்ஷ்மியைப் பார்த்ததும் ரத்னாபாய் எழுந்தாள்.

"மாமி, நான் சொன்னதை எல்லாம் சாருகிட்ட அப்படியே சொன்னியளா? ஒண்ணையும் விடலியே?"

வாயாடிக்கு இப்போது பயம் வந்துவிட்டதாக்கும் என்று அனந்தலக்ஷ்மி நினைத்தாள். பயப்படாதே, உன் மானத்தைக் காப்பாற்றிவிட்டேன், நீங்கள் ரெண்டு பேரும் ஒருதாய்ப் பிள்ளைகள் என்றே சொல்லிவிட்டேன் என்றாள். நன்றிக்காகக் கொஞ்சம் காத்தும் நின்றாள்.

ரத்னாபாய் அப்படியே கிணற்று மேடையில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்ன அன்ரி இப்பிடிச் சொல்லிப்போட்டியள்" என்றாள் யோகமலர்.

பிறகுதான் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. போன வருஷம் பக்கத்து ஊர்க் கூடத்துக்கும் இப்படி ஒருவர் வந்தாராம். எல்லாரும் கைகோத்து நின்று ஒற்றுமைப் பாட்டுப் பாடினார்களாம். அவர் சந்தோஷமாகப் போய், இங்கே இனிப் பிணக்கில்லை, இலக்கு நிறைவேறிவிட்டது என்று எழுதினாராம். இரண்டே மாதத்தில் மிஷின்களை லாரியில் ஏற்றிப் போய்விட்டார்கள். வக்கீலும் வருவதை நிறுத்திவிட்டார்.

யோகமலரின் மகள் பன்னிரண்டாவது முடித்துவிட்டாள். நர்சிங் படிப்பில் சேர அவளுக்கு ஒரு அடையாளக் காகிதம் வேண்டும். அது இங்கே வருகிற வக்கீலின் கையில் பாதியில் நிற்கிறது.

"சண்டை தீரலைன்னாதான் மாமி அவங்க திரும்பி வருவாங்க. அதுக்குத்தான் ஆளு வரும்போதெல்லாம் நான் கெடந்து கத்துதேன்."

அனந்தலக்ஷ்மி தட்டையும் அவர்களையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அந்தக் கிணத்துக் கதை, மிஷின் கதை எல்லாம்?"

"நான்தான் சொல்லிக் குடுத்தனான்" என்றாள் யோகமலர். "அக்காவுக்கு என்னைப் பற்றிக் குறை சொல்ல வராது. நேற்றுப் பின்னேரம் முழுக்க இருந்து பாடமாக்கினவா. அப்பவும் மூண்டு தரம் ஒண்டையே சொல்லிப்போட்டா."

"மறந்து போச்சு, பின்னே என்ன செய்ய?" என்றாள் ரத்னாபாய்.

இவளுக்கு இதனால் வந்த பெயர் என்ன என்று அனந்தலக்ஷ்மிக்குத் தெரியும். காலையில் ஆட்டோக்காரனே சொல்லியிருந்தான்: அகதிகளை வாழவிடாதவள். மாதா கோயில் பிரசங்கத்தில்கூட, பெயர் சொல்லாமல், அவளைக் குத்திக் காட்டினார்களாம். இந்தப் பெயரை ஏன் சுமக்கிறாய் என்று கேட்டாள்.

"அது கெடந்துட்டுப் போவட்டும். இவளுக்க கொச்சு படிக்கணும்லா."

அனந்தலக்ஷ்மி அவளை ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டே நின்றாள். கோயிலில் நடை திறக்கும்போது நிற்பதுபோல நின்றாள் என்று சொன்னால் அவளே ஒப்புக்கொள்வாள். அந்த ஈரக் கையை, மீன் வாடையோடு, தொட்டுப் பார்க்கலாமா என்று தோன்றியது. மறு நிமிஷம் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். ஐம்பத்திரண்டு வயசில் அவள் ஓடியது அன்றைக்குத்தான்.

கார் கிளம்பிக்கொண்டிருந்தது. கண்ணாடியைத் தட்டினாள்.

"மிஸ்டர் சுமந்த், நான் தப்பா மொழிபெயர்த்துட்டேன். அவா ரெண்டு பேருக்கும் ஆகவே ஆகாது. ஒருத்தி முகத்துல ஒருத்தி முழிக்க மாட்டா. இன்னும் ரெண்டு வருஷமாவது நீங்க வந்துண்டே இருக்கணும்."

சுமந்த் கண்ணாடியை இறக்கினான். ஃபைலைத் திறந்தான், பேனாவை எடுத்தான். ஆனால் அவன் கண் அவள்மேல் இல்லை, அவள் தோளுக்குப் பின்னால் இருந்தது.

அனந்தலக்ஷ்மி திரும்பினாள்.

பதறியடித்து அவள் பின்னாலேயே ஓடிவந்த இருவரும் கூடத்து வாசலில் மூச்சு வாங்க நின்றார்கள். ரத்னாபாயின் கை யோகமலரின் கையை இறுகப் பிடித்திருந்தது. பிடித்திருப்பது இரண்டு பேருக்குமே தெரியவில்லை.

அனந்தலக்ஷ்மி மெதுவாகக் கார்ப் பக்கம் திரும்பினாள்.

"சண்டைன்னே எழுதிக்கோங்கோ, ப்ளீஸ்."