பிரேமலதா மிஸ்ஸின் ஹெல்மெட்

"பிரேமலதா மிஸ் ஹெல்மெட் போடாம வண்டியையே எடுக்க மாட்டாங்கம்மா!" என்றாள் ஸ்ம்ருதி.

ஹெல்மெட்டை ஸ்கூட்டர் கண்ணாடியில் தொங்கவிட்டு, காவிரிப் பாலத்தில் போலீஸைக் கண்டால் மட்டும் தலையில் மாட்டும் பூமாவுக்குச் சுருக்கென்றது.

இரண்டாம் வகுப்பு தொடங்கியதிலிருந்தே இதே பாட்டுதான். மிஸ் வண்டி ஓட்டும்போது போன் பேச மாட்டாங்க. மிஸ் ஒன்வேயில எதிர்த்தாப்ல வர மாட்டாங்க. பெற்றவள் ஒருத்தி, பெருமை மட்டும் இன்னொருத்திக்கா?

வயிற்றெரிச்சலிலேயே பூமா தினமும் ஹெல்மெட் மாட்டினாள். போனைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். ஒன்வேயைத் தவிர்த்து ஒரு கிலோமீட்டர் சுற்றிப் போனாள். அப்படியும் மகள் வாயில் மிஸ்தான்.

ஆறு மாதம் கழித்து, பெற்றோர் கூட்டத்தில் அந்த மிஸ்ஸை முதன்முதலாக நேரில் பார்த்தாள். மேஜைமேல் ஸ்டிக்கர்கூட உரிக்காத ஹெல்மெட் இருந்தது.

"நீங்கதான் ஸ்ம்ருதி அம்மாவா? உங்கமேல எனக்கு ஒரே பொறாமைங்க" என்றார் மிஸ். "கிளாஸ்ல எந்நேரமும் உங்க புராணம்தான். 'எங்கம்மா ஹெல்மெட் போடாம வண்டியையே எடுக்க மாட்டாங்க மிஸ்'னு சொல்லிச் சொல்லியே எனக்கு ரோஷம் வந்துடுச்சு. போன வாரம்தான் இதை வாங்கினேன்."

பூமாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"நீங்க போடறீங்கன்னு இவ சொல்லித்தான் மிஸ், நானே போட ஆரம்பிச்சேன்!"

இருவரும் ஒரே நேரத்தில் ஸ்ம்ருதியின் பக்கம் திரும்பினார்கள்.

அவள் உட்கார்ந்திருந்த நாற்காலி காலியாக இருந்தது.