ஏழாவது பாட்டு

"சத்தத்தைக் குறைக்காதீங்க சிஸ்டர். ஏழாவது பாட்டு வரப்போகுது."

"பக்கத்துக் கட்டில்காரர் முறைக்கிறாருக்கா."

"முறைக்கட்டும். முறைக்கிற அளவுக்குத் தெம்பு வந்திருக்கே, சந்தோஷப்படச் சொல்லுங்க."

அக்கா போனைத் தம்பியின் தலையணையோரம் இன்னும் கொஞ்சம் நெருக்கி வைத்தாள். பைக் சறுக்கித் தலையில் அடிபட்டு இன்றோடு பதினோரு நாள். மூச்சு அவனாகத்தான் விடுகிறான். கண்தான் திறக்கவில்லை.

நான்கு மணிக்குப் பெரிய டாக்டர் வருவார். அவர் கண் முன்னால் தம்பி ஒரு விரலையாவது அசைக்க வேண்டும். இல்லையென்றால் கீழ்த்தள வார்டுக்கு மாற்றிவிடுவார்கள். அங்கே கூட ஆள் இருக்க முடியாது, பாட்டும் கிடையாது. கீழே போன யாரும் திரும்பி மேலே வந்து அக்கா பார்த்ததில்லை.

மணி மூன்று ஐம்பது.

"அவருக்குப் பிடிச்சதைக் காதுல போடுங்க" என்று முதலில் சொன்னது இந்த நர்ஸ்தான். தம்பியின் விரலை வைத்தே போனைத் திறந்தார்கள். உள்ளே இருந்தது ஒரே ஒரு ஆல்பம். ஒரு ராக் இசை நாடகத்தில் நடித்தவர்களே பாடியது. அதில் ஏழாவது பாட்டை மட்டும் நாலாயிரத்துச் சொச்சம் தடவை கேட்டிருப்பதாகப் போட்டிருந்தது.

அக்காவுக்குக் கட்டட வேலை. முதல் தடவை கேட்டபோது கலவை மெஷினில் ஜல்லியைக் கொட்டியது போல் இருந்தது. 'இதைப் போய் எப்படிடா கேட்டே' என்று மனதுக்குள் திட்டினாள். மூன்றாம் நாள்தான் கதை பிடிபட்டது. சுரங்கம் சரிந்து ஆட்கள் உள்ளே மாட்டிக்கொள்கிறார்கள். மேலே நிற்பவர்கள் ஒவ்வொரு பெயராகச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். மேடையைப் பார்க்காமலே அவளுக்கு எல்லாம் தெரிந்தது. யார் ஓடி வந்து பாடுகிறார்கள், யாருக்கு மூச்சு வாங்குகிறது, எவன் பொய் சொல்கிறான், எல்லாம்.

"அந்த அம்மா வேஷக்காரிக்குத்தான் குரல் பிசிறடிக்குது" என்றாள் நர்ஸ். பதினோரு நாளில் அவளுக்கும் பாட்டெல்லாம் மனப்பாடம். "வேற ஆளைப் போட்டிருக்கலாம்."

"போங்க சிஸ்டர். பிள்ளை மண்ணுக்குள்ள கிடக்கான், தொண்டை தேன் மாதிரி இருக்குமா? அந்தப் பிசிறை வெட்டாம விட்டாங்க பாருங்க, அதுக்கே கையெடுத்துக் கும்பிடணும்."

"டிரம்ஸ்காரன்?"

"அவன் அடிக்கிறது எனக்கு இப்ப நெஞ்சுக்குள்ளேயே கேக்குது. மணி என்ன?"

"மூணு அம்பத்தஞ்சு. உங்க தம்பியும் பாடுவாரா?"

"இவனா? இவன் வாயைத் திறந்தாலே எதிர்வீட்டுக்காரன் கதவைச் சாத்துவான். ஏதோ கம்பெனியில செக்கிங்னு சொல்வான், வேலைக்கும் இதே போன்தான். என்னத்தைச் செக் பண்றான்னு நான் கேட்டதில்ல. போன்ல சாப்பிட்டியா, தூங்கினியா, அதோட சரி. ஒரு பாட்டு மேல இவ்வளவு உசிரா இருப்பான்னு யாருக்குத் தெரியும்."

ஏழாவது பாட்டு ஆரம்பித்தது. ஒற்றை கிதார். பிறகு பெயர்கள். இருபது குரலும் டிரம்ஸும் சேர்ந்து ஏறி, சட்டென்று எல்லாம் நின்றுபோகும். ஒரு மூச்சு நேரம் ஒன்றுமே இருக்காது. அப்புறம் அடியாழத்திலிருந்து ஒரு குரல் வரும், "இருக்கேன்" என்று.

அந்த இடத்தில்தான் நேற்றும் முந்தாநாளும் தம்பியின் வலது பெருவிரல் கீழே அழுந்தியது. இரண்டு தடவையும் அக்கா மட்டும்தான் பார்த்தாள்.

இப்போதும் அழுந்தியது.

"பாத்தீங்களா சிஸ்டர்?"

நர்ஸ் வாசல் பக்கம் திரும்பியிருந்தாள். டாக்டர் உள்ளே வந்துகொண்டிருந்தார்.

"இப்பத்தான் அசைச்சான் டாக்டர். அந்தக் குரல் வர்ற இடத்துல, சொல்லி வச்ச மாதிரி. ரசிக்கிறான்."

"நான் பார்க்கணுமேம்மா." டாக்டர் கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார். உள்ளங்காலைக் கீறிப் பார்த்தார். ஒன்றுமில்லை. "விரல் தானாவும் துடிக்கும். சொந்தக்காரங்களுக்கு எல்லாமே பதில் மாதிரிதான் தெரியும்."

"இன்னொரு தடவை போடறேன். அஞ்சே நிமிஷம்."

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். அவரைக் கேட்காமலே நர்ஸ் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

அக்கா தம்பியைத் தொடவில்லை. தொட்டால் அவளே அசைத்ததாகச் சொல்லிவிடுவார்களோ என்று இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

பெயர்கள் வந்தன. அம்மா வேஷக்காரியின் குரல் பிசிறடித்தது. டிரம்ஸ் ஏறி ஏறி நின்றது. நர்ஸின் உதடு மட்டும் முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

"இருக்கேன்."

பெருவிரல் அசையவில்லை.

டாக்டர் நாற்காலிக் கையைப் பிடித்து எழப் பார்த்தார். பாதி எழுந்தவர் அப்படியே நின்றார். பெருவிரல் அழுந்தியது. மறுபடி அழுந்தியது. மூன்றாம் தடவை அழுத்தமாக. இமை படபடத்துப் பாதி திறந்தது.

"சுண்டு, அக்காடா. உன் பாட்டுதான்டா ஓடுது. மறுபடியும் போடட்டுமா?"

தம்பியின் உதடு பிரிந்தது. மூன்று பேரும் குனிந்தார்கள்.

"இந்த ஸ்பீக்கர்ல இரைச்சல் இல்ல" என்றான். "பச்சை பட்டனை அமுக்கி எவ்வளவு நேரமாச்சு, அடுத்த ஸ்பீக்கரை வைங்கடா... இந்தப் பாட்டைக் கேட்டுக் கேட்டே நான் சாகணுமா, ஷிப்ட் இன்னும் முடியலையா?"