முள் காட்டும் வேகம்

மகளோடு பேசும்போது படம் பாதியில் நின்றுவிடுகிறது என்று திலகவதி மூன்றாம் முறையாகப் புகார் செய்திருந்தாள். பிராட்பேண்ட் கம்பெனியிலிருந்து வந்த செல்வின், வைஃபையை நம்பாமல் மோடத்திலிருந்து அவளுடைய லேப்டாப்புக்கு நேராகக் கேபிளைச் செருகினான். திரையில் வேகச் சோதனையின் முள் தொள்ளாயிரத்து நாற்பது மெகாபிட்டில் போய் நின்றது.

"இது பக்கத்துத் தெருவுல இருக்கிற எங்க சர்வர் வரைக்கும்தான். பொண்ணு எந்த ஊரும்மா?"

"மெல்போர்ன்."

பட்டியலில் அந்த ஊரைத் தேடி அழுத்தினான். அங்கேயும் முள் அறுநூற்றைத் தாண்டியது.

"வீடியோவுக்கு இதுல பத்துல ஒரு பங்கே போதும். இப்பப் பேசுங்க, பார்க்கலாம்."

திரையில் மகள் சிரித்தபடி வந்தாள். புது வீட்டைப் பற்றியும் அங்கத்திய குளிரைப் பற்றியும் தடையில்லாமல் பேசினாள்.

"எப்ப வர்றே கண்ணு?" என்று கேட்டாள் திலகவதி.

உதடு பாதி திறந்தபடி மகள் அப்படியே நின்றுவிட்டாள்.

"பாத்தீங்களா தம்பி? எப்பவும் இதே இடத்துலதான்."

செல்வின் பார்த்தான். அசையாத அந்த முகத்துக்குப் பின்னால் ஜன்னல் திரைச்சீலை காற்றில் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.

கேபிளை உருவி, நிதானமாகச் சுருட்டினான்.

"இந்த டெஸ்ட்டையெல்லாம் நம்ப முடியாதும்மா," என்றான். "லைன்லதான் கோளாறு."