செவப்பு

மூன்றாவது தடவையும் காம்பைக் குழந்தையின் வாயில் வைத்தாள்.

சப்பவில்லை. உதடு லேசாக அசைந்தது. நின்றுவிட்டது.

பிறந்து ஒரு நாள் முடியப்போகிறது.

பிரசவ வார்டில் அவள் கட்டிலைச் சுற்றிப் பெண்கள். எதிர்க்கட்டில்காரிகள்கூட வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்து பார்த்தார்கள். பெண் குழந்தை. நாலு கிலோ. உள்ளங்கை, காது மடல், மூக்கு நுனி, எங்கே பார்த்தாலும் சிவப்பு.

"ஆத்தாக்காரி அடுப்புக் கரி. புள்ளயப் பாருங்கடி, தக்காளிப் பழம்" என்றாள் மாமியார் அஞ்சலாட்சி. "நான் வாங்கியாந்து குடுத்த குங்குமப்பூ வீணாப் போவல."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்து வைத்தாள்.

"அழுவுதா பாரு. சமத்து" என்றாள் ஒருத்தி.

டாக்டரம்மா வந்தார். குழந்தையைப் பார்த்ததும் அவர் சிரிக்கவில்லை.

"மாசமா இருக்கறப்ப சக்கரை இருந்துச்சாம்மா?"

அவள் வாயைத் திறப்பதற்குள் மாமியார் முந்திக்கொண்டாள். "எங்க வூட்லயும் கெடையாது, அவங்க வூட்லயும் கெடையாது."

டாக்டரம்மா அட்டையைப் புரட்டினார். ஏழாம் மாதம், சக்கரைப் பரிசோதனை, நார்மல்.

"தாய்க்குச் சக்கரை இருந்தா புள்ளைக்கு ரத்தம் கெட்டியாயிடும். சரியா ஓடாது. இப்படித்தான் செவந்து போயிக் கெடக்கும். அதான் கேட்டேன்." அட்டையைக் கட்டிலில் வைத்தார். "பால் குடுத்துக்கிட்டே இரு. சாயங்காலம் வந்து பாக்கறேன்."

அடுத்த கட்டிலுக்கு நகர்ந்துவிட்டார்.

ஓடாது.

செங்கல் சூளையில் பத்து வருஷம் மண் மிதித்த கால் அவளுடையது. தண்ணீர் பற்றாத மண் எப்படி இருக்கும் என்று அந்தக் காலுக்குத் தெரியும். மிதித்தால் மேலே வராது. தள்ளினால் நகராது. இருந்த இடத்திலேயே இறுகும்.

ஏழாம் மாதம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு டம்ளர் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தார்கள். குடித்துவிட்டு இரண்டு மணி நேரம் உட்கார வேண்டும். அப்புறம் ரத்தம் எடுப்பார்கள்.

டம்ளரோடு பின்பக்கம் போனாள். குழாயடியில் கொட்டினாள். வாயைத் துடைத்துக்கொண்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள்.

குடித்தால் சோதனையில் என்ன வரும் என்று அவளுக்குத் தெரியும். அதற்கு முந்தின வாரமே அவள் ஒன்றுக்கு ஒதுங்கிவிட்டு வந்த இடத்தில் எறும்பு மொய்த்திருந்தது. காலால் மண்ணைத் தள்ளி மூடினாள்.

அவள் அப்பாவுக்கு ஒரு கால் கிடையாது. சக்கரையில் எடுத்தது. பெண் பார்க்க வந்தவர்களிடம் சூளையில் கல் சரிந்து கால் போய்விட்டது என்றுதான் சொன்னார்கள். அந்தப் பொய்யில் நடந்த கல்யாணம். தெரிந்தால் இந்த மாமியார் வாசற்படி ஏற்ற மாட்டாள்.

குழந்தையின் கை நடுங்கியது.

துணியை இழுத்துப் போர்த்தினாள். துணிக்குள்ளும் நடுங்கியது.

டாக்டரம்மா நாலு கட்டில் தள்ளிப் போயிருந்தார். இன்னும் இரண்டு கட்டில் போனால் கதவு.

இறங்கினாள். தையல் சுரீரென்று இழுத்தது. குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, காலை அகட்டி அகட்டி வைத்து நடந்தாள்.

"எங்கடி போற?" என்று பின்னால் மாமியார் குரல் வந்தது.

திரும்பவில்லை.

"டாக்டரம்மா, அந்தச் சக்கரத் தண்ணிய நான் குடிக்கல. கொட்டிட்டேன்."

வார்டே அவள் பக்கம் திரும்பியது. அவள் நிறுத்தவில்லை.

"எங்கப்பாருக்குக் கால் போனதும் சக்கரையிலதான்."

நர்ஸ் குழந்தையின் குதிகாலில் குத்தினாள். ரத்தம் வடியவில்லை. பொட்டாக எழும்பி அப்படியே நின்றது. கறுத்த சிவப்பு. நர்ஸ் பிசைந்து பிசைந்து எடுத்துக்கொண்டு ஓடினாள். திரும்பி வந்தபோது டாக்டரம்மா காதில் ஏதோ ஓர் எண்ணைச் சொன்னாள். அடுத்த நிமிஷம் பெற்றவள் கையில் குழந்தை இல்லை.

தொப்புள் வழியாகக் கெட்டி ரத்தத்தைக் கொஞ்சம் எடுப்பார்களாம். எடுத்த அளவுக்கு உப்புத் தண்ணீர் விடுவார்களாம். மறுபடி எடுப்பார்களாம். தாங்குமா என்று அவள் கேட்கவில்லை. கேட்கப் பயம்.

மாமியார் வந்து பக்கத்தில் நின்றாள்.

"அப்ப, கல்லு சரியல?"

அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள்.

டாக்டரம்மா கையுறையை மாட்டிக்கொண்டு கடந்து போனார். மாமியார் குறுக்கே போனாள். "ரத்தத்த எடுத்தா நெறம் போயிருமா டாக்டரம்மா?"

"போவணும்."

கதவு சாத்திக்கொண்டது. கதவில் கையகலத்துக்கு ஒரு கண்ணாடி.

உள்ளே இரண்டு முதுகுகள். இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்னக் கால் மட்டும் தெரிந்தது. ஒரு முதுகு விலகியபோது ஊசிக்குழாயில் ரத்தம் ஏறியதைப் பார்த்தாள். கருப்பட்டிப் பாகு மாதிரி மெல்ல மெல்ல ஏறியது.

வந்துடும்மா. என் கருப்புக்கு வந்துடு.

கால் வெளிறியது. அப்புறம் கறுக்கத் தொடங்கியது.

தன் கருப்புதானா அது, இல்லை ரத்தம் ஓடாத கருப்பா?

கையைத் தூக்கி, கண்ணாடியில் அந்தக் காலுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.